கட்டையில் கடைந்த விமானங்கள்

குற்றாலம் சீசன் கடைகள் என்றதும் இன்று முதலில் எட்டுவது நேந்திரங்காய் சிப்ஸ் வறுபடும் வாசனை. 1970களிலும் 80களிலும் வந்து போனவர்களைக் கேட்டால் மரச்சாமான் கடைகளைச் சொல்வார்கள். பேரருவிக்குப் போகிற வழியில், தார்ப்பாய்க் கூரைக்குக் கீழே, ஓலைப்பெட்டியில் அடைத்த சொப்புச் சாமான், நடைவண்டி, பம்பரம், கிலுகிலுப்பை, மத்து, சப்பாத்திக் கட்டை எல்லாம் பரப்பியிருக்கும். அவற்றுக்கு மேலே கயிற்றில் கட்டித் தொங்கும் விமானங்கள். சாரல் காற்றுக்கு ஒன்றோடொன்று முட்டிக் கடகடவென்று சத்தம் போடும்.

அந்த விமானத்துக்கு எந்த நாட்டு விமானத்தின் சாயலும் கிடையாது. உடலைக் கடைசலில் உருட்டியிருப்பார்கள். கடைசலில் சுற்றுவது எதுவும் உருண்டையாகத்தான் வரும் என்பதால் மூக்கும் வாலும் வட்டமாகவே ஒடுங்கியிருக்கும். நடுவில் காடி வெட்டி, அதில் ஒரே பலகையில் அறுத்த சிறகைச் செருகியிருப்பார்கள். மூக்கில் ஆணியடித்த தகர விசிறி, அடியில் இரண்டு உருளை, இழுக்க ஒரு நூல். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக உடலைச் சுற்றி அரக்கு வளையங்கள். விமானம் வந்து இறங்கும் இடமே பக்கத்தில் இல்லாத சீமையில், வானத்தில் போகிற புள்ளியை அண்ணாந்து பார்த்த பிள்ளைகளுக்கு இதுதான் கையில் பிடித்த முதல் விமானம்.

இவற்றில் பெரும்பாலானவை அம்பாசமுத்திரம் பக்கத்துக் கடைசல் பட்டறைகளில் பிறந்தவை. தென்காசியிலிருந்து கடையம் வழியாகப் பஸ் பிடித்தால் போய்ச் சேரலாம். அந்த ஊர்ச் சொப்புச் சாமானுக்கு நாடு முழுக்கப் பெயர். அந்தக் காலத்தில் மரம் என்றால் மஞ்சக்கடம்பு. இழைத்தால் இளமஞ்சளாகப் பளிச்சிடும், நார் நெருக்கமாக இருக்கும், சிராய் எடுக்காது. ஒருவர் கயிற்றை முன்னும் பின்னும் இழுக்க, மற்றவர் உளியைக் கொடுத்துக் கடைவார். சுற்றுகிற கட்டையில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசுகிற சூட்டில் அரக்கு உருகிப் பரவும். மேலே தாழை மடலை வைத்து ஓட்டினால் கண்ணாடிப் பளபளப்பு வந்துவிடும். பிரஷ்ஷே தொடாத வண்ணம் அது. பிறகு மோட்டார் வந்தது, கயிறு இழுத்தவர் வேறு வேலைக்குப் போனார். மஞ்சக்கடம்பு கிடைப்பது அருகி, மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் ரப்பர் மரமும் தைல மரமும் பட்டறைக்குள் நுழைந்தன.

அங்கே ஒரு பட்டறையில் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். “அண்ணாச்சி, ஏரோப்ளேன் இப்ப செய்றதில்லையா?”

“கேக்க ஆள் இருந்தா செய்ய மாட்டேனா? சொப்பு கேக்காவ, குங்குமச் சிமிழ் கேக்காவ. ஏரோப்ளேன யாரு கேக்கா? பிள்ளேளுக்கு அது ரிமோட்டுல பறக்கணும்லா.”

அவர் சொன்னது சரிதான். ஆனால் கட்டை விமானத்தின் கதையில் விளையாட்டுப் பொம்மை ஒரு கிளை மட்டுமே. இன்னொரு கிளை அளவு பிசகாமல் செதுக்குவது. இங்கிலாந்தில் 1932-இல் ஸ்கைபேர்ட்ஸ் என்ற பெயரில் மரக்கட்டை விமானப் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. அளவு 72-இல் ஒன்று, அதாவது நிஜ விமானத்தின் ஆறடி, மாடலில் ஓர் அங்குலம். இன்று உலகம் முழுக்க பிளாஸ்டிக் விமான மாடல்களுக்கு அதிகம் புழங்கும் அளவுகளில் ஒன்று இது. 1953-இல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் தன் முதல் பிளாஸ்டிக் ஸ்பிட்ஃபயரை வார்த்தபோது, மரக்கட்டைக்காரர்கள் பழக்கிவிட்டிருந்த இதே அளவைத்தான் எடுத்துக்கொண்டது.

இடையில் ஒரு யுத்தம். வானத்தில் வருவது நம்முடையதா, எதிரியுடையதா என்று சில நொடிகளில் சொல்ல வேண்டிய காலம். 1942-இல் அமெரிக்கக் கடற்படை, பள்ளிப் பிள்ளைகளிடம் மரத்தில் விமானம் செதுக்கித் தரும்படி கேட்டது. 50 வகை விமானங்கள், வகைக்கு 10,000 என்று மொத்தம் 5 லட்சம். எல்லாம் 72-இல் ஒன்று, எல்லாவற்றுக்கும் கறுப்பு வண்ணம். வண்ணமும் அடையாளமும் கண்ணை ஏமாற்றும், உருவம் ஏமாற்றாது என்பதால் கறுப்பு. அந்த மாடலை 35 அடி தூரத்தில் பிடித்தால், அரை மைல் தள்ளி நிஜ விமானம் எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும். பெருக்கிப் பாருங்கள், 35 அடியை 72-ஆல் பெருக்கினால் 2,520 அடி, அரை மைலுக்குச் சற்றுத்தான் குறைவு. தச்சு வகுப்பில் பதினைந்து வயதுப் பையன் இழைத்த கட்டை, பீரங்கிக்காரனின் கண்ணுக்குப் பாடமாக நின்றது.

இதை எங்கோ நடந்த கதையாக நான் படிப்பதில்லை. அதே 1942 ஏப்ரலில்தான் ஜப்பானிய விமானங்கள் 5-ஆம் தேதி கொழும்பையும், 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும், 9-ஆம் தேதி திருகோணமலையையும் தாக்கின. சென்னையிலிருந்து மக்கள் மூட்டை முடிச்சோடு வெளியூர்களுக்குக் கிளம்பினார்கள். யுத்தக் காலத்தில் தமிழ்நாட்டில் போடப்பட்ட ஓடுதளங்களில் ஒன்று கயத்தாறில் இருந்தது. விமானத்தின் நிழலைப் பார்த்துப் பெயர் சொல்வது அன்று பொழுதுபோக்கு அல்ல.

யுத்தம் முடிந்ததும் இந்தப் பழக்கம் நம் ஊருக்குள் வந்த வழி என்.சி.சி. 1950-இல் அதன் விமானப் பிரிவு தொடங்கியது. ஏரோமாடலிங் அதன் பாடங்களில் ஒன்று. பறக்கும் மாடல் ஒரு வகை, பறக்காமல் மேசையில் நிற்கும் மாடல் இன்னொரு வகை. பறக்கும் மாடலுக்கு பால்சா மரம் வேண்டும். அது தென் அமெரிக்காவின் ஈக்வடாரிலிருந்து வர வேண்டும். இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் தென்காசிப் பையனுக்கு பால்சா எட்டாக்கனி. ஆனால் மேசையில் நிற்கிற மாடலுக்கு எடை ஒரு பொருட்டில்லை. மரக்கடையில் மிஞ்சிய தேக்குத் துண்டு போதும், பெட்டியடிக்கும் மலிவான மரம் போதும். கையில் காசில்லாதவனுக்கும் திறந்திருந்த கதவு இந்தக் கட்டை மாடல்தான். நான் இதன் மேல் இத்தனை பிரியம் வைத்திருப்பதற்கு அது முக்கியக் காரணம்.

பால்சாவுக்கு நம் இலவ மரம் உறவு, இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். கேரளத்திலிருந்து கணவாய் தாண்டி சாத்தூர், கோவில்பட்டி தீப்பெட்டி ஆலைகளுக்குப் போன மென்மரங்களோடு நம் ஊருக்குப் பழைய பரிச்சயம் உண்டு. விமானத்துக்கு உதவுமா என்று கேட்டால், இலவம் செதுக்க இலகுவானது, ஆனால் நார் பஞ்சுபோல் எழும்பும், கூரான சிறகு விளிம்பு நிற்காது. பால்சாவோ இப்போது வேறு வேடத்தில் நம்மிடமே வந்துவிட்டது. தென்காசியிலிருந்து கயத்தாறு வரை மேற்குக் காற்றில் சுழலும் காற்றாலைகளைப் பார்க்கிறோமே, அந்த வகைச் சிறகுகள் பலவற்றின் உள்ளே, கண்ணாடி இழைகளுக்கு நடுவில், ஈக்வடார் பால்சா இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பறந்த டி ஹாவிலண்ட் மஸ்கிட்டோ விமானமும் இதே சூத்திரம்தான்: பிர்ச் பிளைவுட் இரண்டு தகடு, நடுவில் பால்சா. 1940 நவம்பரில் முதலில் பறந்த அந்த மர விமானம், 1944 கடைசியில் இந்தியப் பக்கம் பறந்தபோது ஒட்டுவாய் விட்டு விபத்துகள் நடந்தன. நம் மழையும் வெயிலும்தான் காரணம் என்று முதலில் சந்தேகித்தார்கள். ஆராய்ந்ததில் தொழிற்சாலையிலேயே ஒட்டுவேலை சரியில்லை என்று தெரிந்தது. பழி சுமந்தது பருவமழை.

ஈரம் குற்றமற்றது என்று சொல்ல வரவில்லை. குற்றாலச் சாரலில் மர வேலை செய்கிறவர்களுக்கு அது தெரியும். ஆனி, ஆடியில் காற்றிலேயே தண்ணீர் நிற்கும். கட்டை ஊதும், காடிக்குள் செருகிய சிறகு இறுகிக்கொள்ளும். லாக்கர் அடித்தால் காயும்போது ஈரத்தைப் பிடித்து வெள்ளையாகப் பூத்துவிடும். அதனால் இங்கே இந்த வேலைக்கு ஒரு பஞ்சாங்கம் உண்டு. சீசனில் அறுக்கலாம், இழைக்கலாம். ஒட்டுவதையும் பெயிண்ட் அடிப்பதையும் காற்று உலர்ந்த பிறகு வைத்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையும் ஓய்ந்து தை பிறந்தால் நிம்மதி.

பழைய விமானங்களைச் சீர்செய்வதில்தான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள தூரம் எனக்கு நன்றாகப் புரிகிறது. அன்று சீர்செய்வது என்றால் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வேலை. வீட்டுக் கதவுக்கு வாங்கிய எனாமல் பெயிண்ட்டில் மிச்சம் இருக்கும். சைக்கிளுக்கு ஒரு பூச்சு, தையல் மிஷின் பலகைக்கு ஒரு பூச்சு, ஷோகேஸில் இருக்கிற விமானத்துக்கும் ஒரு பூச்சு. அன்பில் செய்ததுதான். ஆனால் வருடா வருடம் ஏறிய பூச்சில் சிறகின் விளிம்பு மழுங்கி, வால் தடித்து, கீழே இருந்த அரக்கு வளையமெல்லாம் மறைந்துபோன விமானங்கள் இந்த ஊர் வீடுகளில் எத்தனையோ.

என் மேசைக்கு வந்த ஒன்றைச் சொல்கிறேன். சீசன் கடை விமானம், ஒரு சாண் நீளம். மேலே நீல எனாமல். சிறகின் அடியில் ஒரு மூலையில் பூச்சு உரிந்து, உள்ளே செம்மஞ்சள் தெரிந்தது. அது அரக்கா, வேறு பெயிண்ட்டா? பஞ்சுக்குச்சியில் ஸ்பிரிட் ஒரு சொட்டு தொட்டு வைத்தால் தெரிந்துவிடும். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், பஞ்சில் நிறம் ஏறும். ஏறியது. அப்படியென்றால் இந்தப் பொருளைச் சாராயம் கலந்த எதனாலும் துடைக்கக் கூடாது. கை கழுவும் சானிடைசர்கூட எதிரி. மேலே உள்ள நீலத்தைப் பெயிண்ட் ரிமூவர் ஊற்றிக் கழற்றினால் அடியில் இருப்பதும் சேர்ந்து போகும். மழுங்கிய பிளேடைச் சாய்த்துப் பிடித்து, நகத்தளவு நகத்தளவாக, எனாமல் தானாக எழும்பும் இடத்தில் மட்டும் எடுக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை. பழைய எனாமலை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. அந்தக் காலப் பெயிண்ட்டில் ஈயம் தாராளமாக இருந்தது. வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தூசி பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பறக்கலாகாது.

சிறகு ஆடியது. காடிக்குள் வெல்லப்பாகு நிறத்தில் பசை. பழைய ஆசாரிகள் காய்ச்சிய வச்சிரம். இதன் அருமை என்னவென்றால், வெந்நீரில் நனைத்த துணியைச் சற்று நேரம் சுற்றி வைத்தால் இளகி விட்டுக்கொடுக்கும். அடுத்து ஒருவர் பழுது பார்க்க வருவார் என்று எண்ணிச் செய்த ஏற்பாடுபோல இருக்கிறது அது. இன்று டியூபிலிருந்து சொட்டு விடும் உடனடிப் பசை நொடியில் பிடிக்கும், ஆனால் பிற்பாடு பிரிக்க முயன்றால் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். பழைய பொருளில் அதை விடவே கூடாது என்பது என் கட்சி. வச்சிரம் இருந்த இடத்தில் வச்சிரமே போகட்டும்.

வால் பக்கம் குண்டூசித் துளைகள். தட்டினால் மாவு கொட்டியது. உளுப்பு. முன்பெல்லாம் மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள், அரக்கு மங்கிப்போகும். இப்போது அருங்காட்சியகங்கள் கையாளும் முறை ஒன்று வீட்டிலேயே சாத்தியம். பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, டீப் ஃப்ரீஸரில் இரண்டு வாரம். மைனஸ் 18 டிகிரியில் பூச்சியும் முட்டையும் போய்விடும். எடுத்த பிறகு பையைப் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட வேண்டும், இல்லையென்றால் ஈரம் மேலே படியும். துளைகளில் நிறம் கலந்த மெழுகு வைத்தால் முடிந்தது.

அதற்கு மேல் நான் எதுவும் செய்யவில்லை. புதுசுபோல ஆக்கித் தரச் சொன்னவர்களிடம் மறுத்தேன். நூல் கட்டிய துளையில் தேய்மானம் இருக்கிறது, மூக்கில் யாரோ ஒரு குழந்தை கடித்த பல்தடம் இருக்கிறது. கடைந்தவர் கையும் விளையாடியவர் வாயும் தெரிகிற பொருளில் நான் ஒரு கோட் பெயிண்ட் அடித்தால் அது என் பொருளாகிவிடும்.

புதிதாகச் செய்வது வேறு சந்தோஷம். ஆரம்பிக்கிறவர்களுக்கு எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையின் எச்.டி-2 பயிற்சி விமானத்தைச் சொல்வேன். வி.எம். காட்கே வடிவமைத்து 1951 ஆகஸ்ட் 5-இல் பறந்தது. சிறகு நேரானது, உடல் எளிமையானது, 72-இல் ஒன்று அளவில் சிறகு முனைக்கு முனை 15 சென்டிமீட்டர் வரும். கை பழகிய பிறகு நாட் போர் விமானம். அது உள்ளங்கையில் அடங்கும், நீளம் 12 சென்டிமீட்டர்தான். ஆனால் அதன் முதுகு வளைவைப் பிடிப்பதற்குள் உளி பலமுறை தீட்டியாகிவிடும்.

உடலுக்கு ஒரே கட்டை எடுக்க மாட்டேன். இரண்டு துண்டுகளை, நடுவில் ஒரு தாளை வைத்து ஒட்டுவேன். பக்கவாட்டுப் படத்தை ஒட்டி வாள் போட்டு, பிறகு மேல்பார்வைப் படத்துக்கு ஒரு முறை வாள் போட்டால் சதுரமான விமானம் ஒன்று கிடைக்கும். முனைகளைச் சீவி எட்டுப்பட்டை ஆக்கி, அதை உருட்ட வேண்டும். தாள் வைத்த கோடு மூக்கிலிருந்து வால் வரை நடுவில் ஓடுவதால் இடதும் வலதும் பிசகினால் உடனே காட்டிக்கொடுக்கும். குறுக்கு வடிவத்துக்கு அட்டையில் வெட்டிய வார்ப்புகள். அவற்றைச் செருகி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே மரம் குறைவு, எங்கே அட்டை உட்காரவில்லையோ அங்கே மரம் அதிகம். சிறகுக்கு நார் முனையோடு முனை ஓட வேண்டும், இல்லையேல் பின்விளிம்பு மெலியும்போது ஒடிந்து கையோடு வரும். அம்பாசமுத்திரத்துப் பெரியவர் ஒரே வாக்கியத்தில் சொன்னார். “மரம் போற பக்கமே போகணும் தம்பி, எதுத்துப் போனா சிராய்தான்.”

விமானியின் கூண்டுக்கு அன்று வழியே இல்லை. கட்டையிலேயே செதுக்கிக் கறுப்போ நீலமோ அடித்துவிடுவார்கள். இன்று தண்ணீர் பாட்டிலை வெட்டி, கூண்டு வடிவத்தில் இழைத்த மரத்துண்டின் மேல் மாட்டி, சூடான காற்றைக் காட்டினால் பாட்டில் சுருங்கிக் கண்ணாடிக் கூண்டு ஆகிவிடுகிறது. படங்களும் அப்படியே. அன்று பத்திரிகையில் வந்த ஒரு புகைப்படத்தை வைத்துக்கொண்டு மறுபக்கம் எப்படியிருக்கும் என்று ஊகித்தார்கள். இன்று மூன்று கோணப் படங்கள் நொடியில் அச்சாகின்றன. இந்த இரண்டிலும் இன்றையதே மேல், சந்தேகமில்லை.

பூஜையறைக் கதவுக்குப் பிள்ளையாரும் மயிலும் வெட்டுகிற சி.என்.சி. எந்திரம் இன்று தச்சுப் பட்டறைகளுக்கு வந்துவிட்டது. முப்பரிமாண அச்சுக்கருவி வைத்திருக்கிற இளைஞர்களும் இருக்கிறார்கள். எங்கள் பகுதியில் ஆசாரி மகன் ஒருவர் கேட்டார். “சார், ஃபைல் கொடுத்தீங்கன்னா அரை மணி நேரத்துல முழு பிளேனையும் வெட்டித் தாரேன். நீங்க ஏன் இழைச்சிட்டு கெடக்கீங்க?” நியாயமான கேள்வி. எந்திரம் வெட்டியது அளவில் பிசகாது. ஆனால் நாட் விமானத்தின் முதுகு ஏன் அங்கே உயர்கிறது, காற்று வாய் ஏன் இங்கே உப்புகிறது என்பதை என் விரல் கற்றுக்கொண்டது, மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்த நேரத்தில்தான். யுத்தக் காலத்தில் விமானம் செதுக்கிய அந்தப் பள்ளிப் பையன்கள் உருவங்களைப் பழகியதும் அப்படித்தான் இருக்கும். அதனால் அவரோடு ஓர் உடன்பாடு. வெளிக்கோட்டை எந்திரம் வெட்டட்டும், சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் மரம் விட்டுவைக்கட்டும். அந்த இரண்டு மில்லிமீட்டர் எனக்கு.

இப்போது மேசையில் இருப்பது மாருத். கர்ட் டாங்க் வடிவமைக்க, பெங்களூரில் எச்.ஏ.எல். கட்டி, 1961 ஜூன் 17-இல் பறந்த போர் விமானம். அதற்கு முன்னோடியாக முழு அளவில் மரத்திலேயே ஒரு கிளைடர் செய்தார்கள், பெயர் எக்ஸ்-241. 1959-இலிருந்து டகோட்டா விமானத்தின் பின்னால் கயிறு கட்டி மேலே இழுத்துப் போய் விட்டுவிட்டு, 78 முறை பறக்கவிட்டுச் சோதித்தார்கள். உலோக ஜெட்டின் குணத்தை மரம் முதலில் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அதனால் மாருத்தோடு அந்த மரக் கிளைடரையும் ஜோடியாகச் செய்கிறேன். இடிக்கப்பட்ட பழைய வீடு ஒன்றின் ஜன்னல் சட்டம் கிடைத்தது, நன்றாக ஆறிய மஞ்சக்கடம்பு. 22 சென்டிமீட்டர் நீளத்துக்கு இரண்டு உடல்கள் அதில் தாராளமாக வந்தன. கீழே விழுந்த துண்டுகளை அம்பாசமுத்திரத்துப் பெரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, உருளையும் நூலும் வைத்த சீசன் கடை ஏரோப்ளேன் ஒன்று கடையச் சொல்லியிருக்கிறேன். அரக்கு ஆர்டர் போட்டிருக்கிறாராம், வந்ததும் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்.